கணினி வலையமைப்புச் சான்றிதழ்: நம் பிள்ளைகளுக்கு ஒரு புதிய வழி

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் வட்டாரத்தில், முன்னர் தோட்டமாக இருந்த நிலத்தில், இன்று தரவு மையங்கள் எழுந்துள்ளன. எண்ணற்ற கணினிகள் இரவு பகலாக இயங்கும் பெருங் கட்டடங்கள் அவை. நம் முன்னோர் நிரை பிடித்து நட்ட மண்ணில் எழும் அக்கட்டடங்களுக்குள் நம் பிள்ளைகளுக்கும் ஓர் இடம் வேண்டாமா? வாயிலில் நின்று பார்ப்பதோடு அவர்கள் பங்கு முடிந்துவிடலாமா?

எஸ்.பி.எம். தேர்வில் நடுத்தரமான புள்ளிகள் பெற்று, அடுத்து என்ன செய்வது என்று திகைத்து நிற்கும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் பலர் உள்ளனர். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமலேயே அத்துறையின் முதற்படியில் கால் வைக்க ஒரு வழி உண்டு. அதுவே கணினி வலையமைப்புச் சான்றிதழ். அதனைப் பற்றி இம்மாதம் ஆராய்வோம்.

வலையமைப்பு என்பது என்ன?

கணினிகளும் கைப்பேசிகளும் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடே வலையமைப்பு. ஒரு தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். கடிதம் ஒன்று உரியவரிடம் சேர, எந்த டிவிஷன், எந்த லயம், எந்த வீட்டு எண் என்பது தெரிய வேண்டும். அவ்வாறே ஒவ்வொரு கணினிக்கும் ஐபி முகவரி என்னும் எண் உண்டு. அதன் முற்பகுதி டிவிஷனைப் போன்றது. பிற்பகுதி வீட்டு எண்ணைப் போன்றது. ஒரே டிவிஷனுக்குள் செய்தியை உரிய வீட்டில் சேர்ப்பது ‘சுவிட்ச்’ என்னும் கருவி. ஒரு டிவிஷனிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்டி அனுப்புவது ‘ரவுட்டர்’. இவற்றை அமைப்பதும் பழுது பார்ப்பதுமே வலையமைப்புத் தொழில்நுட்பரின் பணியாகும்.

எந்தச் சான்றிதழ்?

தொடக்க நிலையில் மூன்று சான்றிதழ்கள் பெரிதும் அறியப்பட்டவை. சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ, கம்ப்டியா அமைப்பின் நெட்வொர்க் பிளஸ், 2023ஆம் ஆண்டு சிஸ்கோ அறிமுகப்படுத்திய சிசிஎஸ்டி ஆகியவையே அவை. இவற்றுள் சிசிஎஸ்டி எளியது. 50 நிமிடத் தேர்வு. சிசிஎன்ஏ கடினமானது, 120 நிமிடத் தேர்வு. இவற்றை எழுதப் பட்டமோ முன் சான்றிதழோ கட்டாயமில்லை. பழைய நூல்களில் சிசிஇஎன்டி என்னும் பெயரைக் காணலாம். அத்தேர்வு 2020 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டுவிட்டது. அதன் பெயரால் எவரேனும் கட்டணம் கேட்டால் ஏமாந்துவிடாதீர்கள்.

சிசிஎன்ஏ பாடத்திட்டத்தில் ஆறு பிரிவுகள் உள்ளன. வலையமைப்பின் அடிப்படைக்கு 20 விழுக்காடு, இணைப்பு முறைகளுக்கு 20, செய்திக்கு வழிகாட்டும் முறைக்கு 25, சேவைகளுக்கு 10, பாதுகாப்புக்கு 15, தானியங்கு முறைக்கு 10 என மதிப்பு பகுக்கப்பட்டுள்ளது. எனவே முதல் மூன்று பிரிவுகளிலேயே 65 விழுக்காடு அடங்கிவிடுகிறது. மாணவர் முதலில் உழைக்க வேண்டிய இடமும் அதுவே.

எவ்வாறு ஆயத்தமாவது?

கத்தியைக் கையில் பிடிக்காமல், பால்வெட்டைப் புத்தகத்தில் படித்தே கற்றவர் உண்டா? பட்டைக்குள் எவ்வளவு ஆழம் போகலாம், எங்கே நிறுத்தாவிட்டால் மரம் காயப்படும் என்பதைக் கைதான் கற்றுக்கொள்கிறது. இக்கல்வியும் அத்தகையதே.

முதலாவது, நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஆறு மாதம் இடைவிடாது படித்தால், புதிதாகத் தொடங்குபவரும் நல்ல அடித்தளம் பெறலாம்.

இரண்டாவது, முகவரிகளைப் பகுக்கும் கணக்கைத் தாளில் எழுதிப் பழக வேண்டும். சான்றாக, 256 முகவரிகள் கொண்ட தொகுதியை நான்கு சமபாகங்களாக்கினால், ஒரு பாகத்தில் 64 முகவரிகள் இருக்கும். முதல் முகவரி அப்பாகத்தின் பெயராகவும், கடைசி முகவரி அனைவருக்கும் அறிவிப்பு அனுப்பவும் ஒதுக்கப்படும். எஞ்சுவன 62. அதாவது, அப்பாகத்தில் 62 கருவிகளுக்கு முகவரி வழங்கலாம். பெருக்கலும் வகுத்தலும் அறிந்த பிள்ளைக்கு இது எட்டாத கணக்கன்று.

மூன்றாவது, செய்முறைப் பயிற்சி. விலையுயர்ந்த கருவிகளை வாங்கத் தேவையில்லை. சிஸ்கோ நிறுவனத்தின் பேக்கெட் டிரேசர் என்னும் மென்பொருளை இலவசமாகப் பெறலாம். அதில் கணினித் திரையிலேயே ரவுட்டர்களை இணைத்து, வேண்டுமென்றே பழுது உண்டாக்கி, அதனைக் கண்டுபிடித்துச் சரிசெய்து பழகலாம். வீட்டில் கணினி இல்லாதோர், முன்பு பெடி என அழைக்கப்பட்ட நாடி மையங்களை நாடலாம்.

நான்காவது, ஆங்கிலம். நம் பிள்ளைகள் இத்தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். பாடம் படிக்கும்போதே நாளுக்குப் பத்துக் கலைச்சொற்களைக் குறிப்பேட்டில் எழுதி, அவற்றின் பொருளைத் தமிழிலோ மலாயிலோ தம் சொந்தச் சொற்களில் விளக்கிப் பழகுவது நற்பயன் தரும்.

குறுக்கு வழி வேண்டாம்

தேர்வு வினாக்களும் விடைகளும் இவையே என்று கூறித் திருட்டுத்தனமாக விற்போர் உள்ளனர். அவற்றை மனப்பாடம் செய்வது தேர்வு விதிகளுக்கு முரணானது. பிடிபட்டால் சான்றிதழே பறிபோகலாம். பிடிபடாமல் தப்பினாலும், நேர்முகத் தேர்வில் ஒரு கருவியை முன்னே வைத்து, “இதனைச் சரிசெய்து காட்டுக” என்றால் அங்கே மனப்பாடம் உதவாது. சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணம் 300 அமெரிக்க டாலர். தேறாவிட்டால் மறுமுறை முழுக் கட்டணமும் செலுத்த வேண்டும். வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தை அரைகுறை ஆயத்தத்தில் இழக்கலாகாது. மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து நன்கு தேறிய பின்னரே தேர்வுக்குப் பதிவு செய்க.

பயன் யாது?

சான்றிதழ் வேலைக்கு உறுதிமொழி அன்று. அது முதற்கதவைத் திறக்கும் சாவி. தொடக்கத்தில் கம்பி இழுக்கும் பணி, பயனீட்டாளருக்கு உதவும் பணி, வலையமைப்பைக் கண்காணிக்கும் இரவு நேரப் பணி ஆகியவை கிடைக்கக்கூடும். சம்பளமும் தொடக்கத்தில் மிதமாகவே இருக்கும். ஆயினும் அனுபவம் சேரச் சேரப் பொறுப்பும் ஊதியமும் உயரும். சிசிஎன்ஏ, நெட்வொர்க் பிளஸ் ஆகிய இரண்டும் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் புதுப்பித்தாக வேண்டும். தொடர்ந்து கற்பவருக்கே இத்துறையில் இடம் உண்டு. இதனுடன் மலேசியத் திறன் சான்றிதழாகிய எஸ்.கே.எம். பயிற்சியையும் முடிப்பவர்க்கு அடித்தளம் மேலும் உறுதிப்படும்.

பெற்றோர் கடமை

பெற்றோர்களே! இப்பாடம் உங்களுக்குப் புரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மழை நாள் தவிர்த்து ஒரு நாளும் நிரையைக் கைவிடாத ஒழுங்கு உங்களிடம் உண்டு. அந்த ஒழுங்கே இக்கல்விக்கு வேண்டிய முதற்பொருள். மாலையில் ஒன்றரை மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்திப் பிள்ளைக்கு அமைதி தாருங்கள். எந்தக் கல்லூரியிலும் முன்பணம் கட்டுமுன், பயிற்சிக் கட்டணத்தில் தேர்வுக் கட்டணம் அடங்குமா, செய்முறைக் கூடம் உள்ளதா என்னும் இரண்டு வினாக்களைக் கேட்டு, விடையை எழுத்தில் பெறுங்கள்.

மண் கைமாறலாம், மரங்கள் சாயலாம். பிள்ளையின் கையில் சேர்ந்த தொழிலை எவரும் பிடுங்க இயலாது. இன்று மாலையே அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தொடங்கி வைப்போம்.