ஒட்டுப்போர்வைச் சங்கம்: ஊசி முதலில், மெஷின் கடைசியில்

இப்பாடம் ஐந்து முதல் பத்துப் பேர் வரை கூடிப் படிப்பதற்கானது. ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம். இறுதியில் உள்ள வினாக்களைக் கலந்துரையாடிய பின்னரே சாமான் வாங்கப் புறப்படுங்கள்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை ஊவாவில் எவரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலோடு வந்த மழையிலும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்த குடும்பத்துக்கு உடனே தேவைப்படுவது இரண்டு: குளிருக்குப் போர்வை, கைக்குச் சிறிது காசு. ஒட்டுப்போர்வைத் தையல் இவ்விரண்டுக்கும் உதவக்கூடியது. ஆனால் அது கடனில் தொடங்கினால், இழந்தவர்களையே மீண்டும் இழக்கச் செய்துவிடும். ஆகவே, எந்தக் கருவியை எப்போது வாங்குவது என்பதே இப்பாடத்தின் பொருள்.

1. ஒட்டுப்போர்வை என்றால் என்ன?

துண்டுத் துணிகளை இணைத்து, அடியில் இன்னும் ஓரிரு அடுக்குத் துணி வைத்து, எல்லா அடுக்குகளும் பிடிபடும்படி ஓட்டுத்தையல் போட்டு எடுப்பது ஒட்டுப்போர்வை. இது நமக்குப் புதியதல்ல. பழைய சேலையை நாலாக மடித்துப் பிள்ளைக்கு விரிக்காத தாய் யார்? ‘கந்தை’ என்ற நமது சொல்லும், வங்காளத்தில் இவ்வகைப் போர்வைக்கு வழங்கும் ‘காந்தா’ என்ற சொல்லும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை. வங்காளப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்தார்கள்.

2. வெளியேற்றப்பட்டோர் அமைத்த சங்கம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வில்கொக்ஸ் என்றொரு பகுதி உண்டு. அங்கு 1965ஆம் ஆண்டளவில் கறுப்பின விவசாயக் குடும்பங்கள் வாக்காளர்களாகப் பதியத் தொடங்கின. அதன் காரணமாகப் பல குடும்பங்கள் தாம் உழுத நிலத்திலிருந்தும் குடியிருந்த வீட்டிலிருந்தும் வெளியேற்றப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் அவ்வழியே சென்ற பிரான்சிஸ் வால்டர் என்னும் எப்பிஸ்கோப்பல் திருச்சபைக் குரு, ஒரு வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒட்டுப்போர்வைகளைக் கண்டார். இத்தகைய போர்வைகளை ஒன்று 10 டொலர் வீதம் வாங்கி, நியூயோர்க் நகரில் ஏலத்தில் விற்க ஏற்பாடு செய்தார். 1966 மார்ச்சில் அப்பெண்கள் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவை அமைத்தனர். அவ்வூர்ப் பெண்மணியான எஸ்டெல் விதர்ஸ்பூன் அதன் முகாமையாளரானார்.

அவர்கள் நடந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் வீட்டில் இருந்த ஊசியையும் பழந்துணியையும் கொண்டு தைத்தார்கள். அடுத்துச் சந்தை பிடித்தார்கள். 1968இல் 23 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1969இல்தான் தையற் கட்டடம் எழுந்தது. வாங்கிய நிலத்தில் எட்டுத் துண்டுகளை, வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு விற்றார்கள். போர்வையில் வந்த காசு, நிலமிழந்தவருக்கு நிலமாகத் திரும்பியது.

இன்னொரு பாடமும் உண்டு. 1972 முதல் ‘சியர்ஸ்’ என்ற பெரிய கடைக்குத் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. அது நிலையான வருமானம் தந்தது. எனினும் ஒரே அளவு, ஒரே துணி என்று தைப்பதில் கைவண்ணத்துக்கு இடமில்லை. சங்கத்தின் மூத்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்தபின், 2012இல் அது மூடப்பட்டது. ஒரே வாங்குநரை நம்பி நிற்கக் கூடாது, இளையவர்களைப் பழக்காமல் விடக் கூடாது என்பன நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை.

3. நமக்கு ஏற்ற முறை எது?

அலபாமாவில் நான்கு மரச்சட்டங்களில் போர்வையை இழுத்துக் கட்டி, சுற்றிலும் பெண்கள் அமர்ந்து தைத்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக்காம்பராவில் அச்சட்டத்தை வைத்தால் அடுப்புக்கும் ஆட்களுக்கும் இடமிராது. தற்காலிகக் கொட்டகையிலும் அப்படியே.

இந்தியாவின் கர்நாடகத்தில், வட கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் சட்டமே இல்லாமல் தைக்கிறார்கள். ஆபிரிக்காவிலிருந்து முன்னொரு காலத்தில் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள் அவர்கள். பழைய சேலையை அடித்துணியாக விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து ஓட்டுத்தையல் போட்டபடி ஓரமாகச் சுற்றி வந்து நடுவில் முடிக்கிறார்கள். இதற்குக் ‘கவந்த்’ என்று பெயர். மூலைகளில் மடித்துத் தைக்கும் சிறு துணிப்பூ இல்லாவிட்டால் போர்வை நிறைவுறாது என்பது அவர்கள் வழக்கம். மடியில் வைத்தே தைக்கலாம். மழை வந்தால் சுருட்டிக்கொண்டு எழலாம். இடம்பெயர்ந்தோருக்கு இம்முறையே பொருத்தம்.

4. கருவிகளைத் தெரிவு செய்தல்

ஊசி: பல அடுக்கைத் துளைக்க உறுதியான, கண் பெரிய, சற்று நீளமான ஊசி வேண்டும். கையூசியில் எண் கூடக்கூட ஊசி மெல்லியதாகும். மெஷின் ஊசியில் இது நேர்மாறு. எண் கூடினால் ஊசி தடிக்கும். கடையில் பலரும் குழம்புவது இங்கேதான். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஊசி போதும்.

நூல்: பருத்தி நூல் நல்லது. ஒரு முழம் அறுத்து இரு கையாலும் வெட்டி இழுத்துப் பாருங்கள். எளிதில் அறுந்தால் விட்டுவிடுங்கள். ஈரமாக்கி வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் போகிறதா என்றும் பாருங்கள். 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உள்ள போர்வைக்கு, ஓர் அங்குல இடைவெளியில் நெடுகத் தைத்தால் சுமார் 60 வரிசை வரும். 60 வரிசை × 90 அங்குலம் = 5,400 அங்குலம், அதாவது 150 யார். தையலில் உள்வாங்குவதையும் சேர்த்து 180 யார் என்று கணக்கிடுங்கள்.

கத்தரிக்கோல்: எட்டு அங்குலம் அளவில் நல்லதாக ஒன்று. துணி தவிர வேறெதையும் அதனால் வெட்டக் கூடாது. கடதாசி வெட்டினால் கூர் மழுங்கும். பிடியில் சிவப்பு நூல் கட்டி அடையாளமிடுங்கள்.

விரல்கூடு: ஊசியைத் தள்ளும் நடுவிரலில் மாட்டும் சிறிய உலோகக் கூடு. விலை குறைவு, பயன் பெரிது. நாள் முழுதும் கொழுந்து பறித்த விரலில் ஊசி குத்தினால் மறுநாள் வேலை கெடும்.

அளவும் அச்சும்: அளவு நாடா ஒன்று, வெண்கட்டி ஒன்று. சதுரம் வெட்ட அட்டை போதும். பழைய எக்ஸ்ரே படச்சுருள் இன்னும் மேல். அது தேயாது, ஊடாகப் பார்த்தும் வெட்டலாம். தைத்தபின் ஆறு அங்குலம் வரவேண்டுமானால், நாலு பக்கமும் அரை அங்குலம் விட்டு ஏழு அங்குலமாக வெட்டுங்கள். மேற்சொன்ன போர்வைக்கு 150 சதுரம் தேவை.

துணி: ஆடைத் தொழிற்சாலைகளின் வெட்டுத்துண்டுகள் கிலோக் கணக்கில் விற்பனையாகின்றன. பருத்தியையும் நைலோனையும் கலக்காதீர்கள். எதையும் முதலில் கழுவிக் காயவைத்தே தையுங்கள். பின்னர் சுருங்கினால் போர்வை கோணும். உள்ளே இலவம்பஞ்சு வேண்டாம். கழுவும்போது கட்டியாகிவிடும். பழைய சேலை அடுக்கே சிறந்தது.

சுழல்வெட்டி: சக்கரம் போன்ற கத்தியுள்ள இக்கருவி 1979இல் ஜப்பானில் வந்தது. பல நாடுகளில் போர்வை தைப்போர் இதை விரும்புகிறார்கள். ஆனால் தனிப் பலகை வேண்டும், மாற்றுக் கத்தியும் அடிக்கடி வேண்டும். நமக்கு இப்போது தேவையில்லை.

மெஷின்: பத்துப் போர்வை தைத்து, விற்று, காசு கையில் வந்தபின் யோசியுங்கள். மின்சாரம் நிச்சயமில்லாத இடத்தில் கால்மெஷினே நல்லது. பழையதை வாங்குவதானால், உங்கள் துணியைக் கொண்டுபோய் நாலு அடுக்கு வைத்துத் தைத்துப் பாருங்கள்; மேலும் கீழும் தையல் ஒன்றுபோல் விழ வேண்டும். பதுளை நகரில் திருத்துபவர் இருக்கிறாரா, உதிரிப்பாகம் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். வாராந்தக் கடனுக்கு மெஷின் எடுக்காதீர்கள். ஓடாத வாரத்திலும் தவணை ஓடும்.

5. சங்கத்தின் ஒழுங்கு

கத்தரிக்கோலும் மெஷினும் சங்கத்துக்குச் சொந்தம்; ஊசியும் விரல்கூடும் அவரவருக்குச் சொந்தம். பொதுச் சாமான் யாரிடம் இருக்கிறது என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். பொறுப்பாளரை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ஒவ்வொருவரும் எத்தனை மணித்தியாலம் தைத்தார் என்பதை அன்றன்றே குறியுங்கள்.

விலை போடுவது இப்படி: துணியும் நூலும், அதனோடு உழைத்த நேரம், அதனோடு சங்கத்துக்கு ஒரு பங்கு. ஒரு போர்வைக்கு 40 மணித்தியாலம் எடுத்தால் அது எட்டு மணித்தியாலம் கொண்ட ஐந்து நாள் வேலை. கொழுந்துக்குப் போனால் ஐந்து நாளில் கிடைக்கும் சம்பளத்தைவிடக் குறைவாக எவராவது கேட்டால், அதைக் கொடுக்காமல் உங்கள் பிள்ளைகளுக்கே போர்த்துங்கள். அது நட்டமல்ல.

கலந்துரையாட:

1. நமது குடும்பங்களில் இப்போதே உள்ள ஊசி, கத்தரிக்கோல், பழந்துணி எவ்வளவு? எண்ணிப் பட்டியலிடுங்கள்.

2. தைக்கத் தெரிந்த மூத்தவர் யார்? அவரிடம் பழகப்போகும் இளையவர் யார்?

3. முதற் பத்துப் போர்வைகளில் எத்தனை நமக்கு, எத்தனை விற்பனைக்கு?

4. சங்கப் பங்கு சேர்ந்தால் முதலில் எதற்கு: மெஷினுக்கா, காணிக்கா, பழைய கடனை அடைப்பதற்கா?

நான்காவது வினாவுக்கு ஒரே நாளில் விடை காண வேண்டியதில்லை. ஆனால் முதற் போர்வை விற்கும் முன் விடையைக் கொப்பியில் எழுதி, எல்லோரும் கையொப்பமிடுங்கள்.