மாடி ஏறியும் விலை இறங்காதது ஏன்?

கேள்வி: எங்கள் தெருவில் பத்து வருடத்துக்குள் ஒன்பது தனிவீடுகளை இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். ஒரு குடும்பம் இருந்த மனையில் இப்போது ஆறு குடும்பங்கள். வீடு பெருகினால் விலை இறங்கத்தானே வேண்டும்? ஏறிக்கொண்டே போகிறதே! என் இளைய மகன் இங்கே வாங்க முடியாமல் கூடுவாஞ்சேரியில் வாடகைக்கு இருக்கிறான். இதற்கிடையில் எங்கள் ஒரு கிரவுண்டு வீட்டையும் பில்டர்கள் வந்து வந்து கேட்கிறார்கள்.
வாசகி, மேற்கு மாம்பலம், சென்னை

பதில்: அம்மா, உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி கடைசி வரியிலேயே இருக்கிறது. அதைக் கவனிக்காமல் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்!

மனையின் விலை ஆறு வீட்டுக்குப் பிரிந்தால் ஆளுக்குக் கொஞ்சம்தானே வரும் என்று எல்லோரும் நம்புகிறோம். மனைக்கு முதலிலேயே ஒரு விலை இருக்கிறது, வீட்டின் விலை அதிலிருந்து பிறக்கிறது என்ற எண்ணம்தான் இதற்கு அடிப்படை. உண்மையில் பில்டர் கணக்கைப் பின்னாலிருந்து போடுகிறார். ஃபிளாட் என்ன விலைக்குப் போகும் என்று பார்த்து, கட்டுமானச் செலவையும் வட்டியையும் தன் லாபத்தையும் கழித்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் மனைக்குக் கொடுக்கிறார்.

இங்கே எஃப்.எஸ்.ஐ. என்று ஒன்று வருகிறது. எல்லா மாடிகளையும் கூட்டினால் மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதற்கான வரம்பு அது. சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்ததை 2019 கட்டட விதிகள் 2 ஆக்கின. உங்கள் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. முன்பு 3,600 சதுர அடி கட்டலாம், இப்போது 4,800. சதுர அடிக்கு எல்லாம் போக 8,000 ரூபாய் மிஞ்சுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய விதிப்படி மனைக்கு 2 கோடியே 88 லட்சம் கிடைக்கும், புதிய விதிப்படி 3 கோடியே 84 லட்சம். ஃபிளாட்டின் விலை ஒரு ரூபாய்கூட அசையவில்லை. கூடிய 96 லட்சமும் மனைக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. அதாவது, உங்களுக்கு!

ஆறு குடும்பங்கள் என்கிறீர்கள். அவர்களில் எத்தனை பேர் புதிதாக வந்தவர்கள்? மனைக்காரருக்கே இரண்டோ மூன்றோ வீடு போயிருக்கும். பழைய ஃபிளாட்டை இடித்துக் கட்டும் இடங்களில் இது இன்னும் மோசம். அறுநூறு சதுர அடி வீடுகள் மறைந்து, ஆயிரத்து நானூறில், காருக்கு இடத்தோடு, புதிது வருகிறது. பரப்பு கூடிய அளவுக்கு வீடுகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. சம்பளக்காரர் எட்டிப்பிடிக்கக்கூடிய விலையில் இருந்தது அந்த அறுநூறு சதுர அடிதான்.

அதற்காக மாடியே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. அந்த ஒன்பது மனைகளும் தனிவீடாகவே இருந்திருந்தால், இன்று அங்கே ஃபிளாட் வாங்கியிருப்பவர்கள் அசோக் நகரிலும் கே.கே. நகரிலும் பழைய ஃபிளாட்டுக்குப் போட்டி போடுவார்கள். அங்கே தோற்றவர்கள் இன்னும் தள்ளிப் போய் விலை கேட்பார்கள். ஆக, உங்கள் தெருவில் கட்டிய மாடியின் பலன் உங்கள் தெருவில் தெரியாது, எங்கோ குரோம்பேட்டையில் விலை ஏறும் வேகம் சற்றுக் குறைந்திருக்கும். யாரும் அதற்காக உங்கள் தெருவுக்கு நன்றி சொல்லப்போவதில்லை.

கூடுதல் மாடிகளை நாலைந்து தெருவில் மட்டும் அனுமதித்தால் அந்த மனைக்காரர்கள் ராஜாக்கள். ஊர் முழுக்க அனுமதித்தால் பில்டருக்கு அடுத்த தெரு இருக்கிறது, பேரம் பேசலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016-இல் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் ஒரே வீச்சில் கூடுதல் வீடுகளுக்கு வழிவிட்டது. அங்கே கட்டுமானம் பெருகியது.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த முறை பில்டர் வந்தால் ரொக்கம் பேசாதீர்கள், ஜாயின்ட் வென்ச்சர் கேளுங்கள். மனையை நீங்கள் கொடுப்பது, அவர் செலவில் கட்டுவது, வீடுகளைப் பங்கு போட்டுக்கொள்வது என்ற ஏற்பாடு அது. ஒப்பந்தத்தை உங்கள் வக்கீல் படித்த பிறகே கையெழுத்து. மூத்தவருக்கு ஒன்று, இளையவருக்கு ஒன்று என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். எந்த மாடி யாருக்கு என்ற வழக்கை மட்டும் எனக்கு அனுப்பிவிடாதீர்கள்.