வெள்ளைக் காய்க்கு ஒரு கையிருப்பு



வரவு செலவு, கடன் தவணை, வங்கி இணைப்பு என்று எத்தனையோ பாடம் படித்துவிட்டோம். இந்த முறை ஒரு மாறுதலுக்குச் சதுரங்கம் படிப்போம். "செஸ்ஸெல்லாம் படிச்ச பிள்ளைங்க ஆடுறது, நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம்.

ஆந்திராவின் கொனேரு ஹம்பி, குழந்தை பிறந்த சமயத்தில் ஆட்டத்தை விட்டு ஒதுங்கியிருந்தவர். திரும்பி வந்து 2019-ல் பெண்களுக்கான உலக விரைவு சதுரங்கப் பட்டத்தை வென்றார். 2024-ல் மறுபடியும் வென்றார். 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாட்டில் ஹரிகா நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்து ஆடினார். அவர் ஆடிய இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது.

நாம் பட்டம் வாங்கப் போவதில்லை. ஆனால் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத வீட்டில், பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து ஆட ஓர் ஆள் வேண்டுமே! அந்த ஆள் அம்மாவாக இருக்கலாம் அல்லவா?

எதற்காகக் கையிருப்பு?

இந்தப் பாடம் காய் நகர்த்தத் தெரிந்தவர்களுக்கு. தெரியாதவர்கள் பிள்ளைகளிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளலாம், வெட்கமில்லை.

வெள்ளையும் கறுப்பும் ஆளுக்கு ஒரு முறை நகர்த்தினாலே பலகையில் 400 விதமான நிலைகள் வரலாம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய யாராலும் ஆகாது. அதனால் நமக்கென்று ஒரே ஒரு தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு நகர்த்தலும் எதற்கு என்று புரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் கையிருப்பு. அவசரத்துக்கு எடுத்துச் செலவழிக்கலாம்.

தொடக்கத்தில் வேலை மூன்றுதான். ஒன்று, பலகையின் நடுவைப் பிடிப்பது. இரண்டு, குதிரையையும் மந்திரியையும் வெளியே கொண்டுவருவது. மூன்று, ராஜாவைப் பத்திரப்படுத்துவது.

நம் தொடக்கம்: இத்தாலிய ஆட்டம்

கட்டத்தின் பெயரைத் தெரிந்துகொள்வோம். வெள்ளைக் காய் ஆடுபவருக்கு இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். அவர் பக்கத்திலிருந்து மேலே போகப் போக 1 முதல் 8 வரை. ராஜா நிற்பது இ1.

1. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இ4. நடுவில் இடம் பிடித்தாயிற்று. மந்திரிக்கும் ராணிக்கும் வழியும் திறந்தது. எதிராளியும் பெரும்பாலும் இ5 வைப்பார்.

2. குதிரை எஃப்3. இ5 சிப்பாயைத் தாக்குகிறது. எதிராளி சி6-ல் குதிரை வைத்துக் காப்பார்.

3. மந்திரி சி4. இங்கிருந்து எஃப்7 சிப்பாயைக் குறி பார்க்கிறது. தொடக்கத்தில் அந்தச் சிப்பாய்க்கு ராஜா ஒருவர்தான் காவல். எதிராளி மந்திரியை சி5-க்குக் கொண்டுவருவார்.

4. சிப்பாய் சி3. பின்னால் டி4 தள்ளுவதற்கு இப்போதே முட்டுக் கொடுக்கிறோம். எதிராளியின் குதிரை எஃப்6 வந்து நம் இ4 சிப்பாயைத் தாக்கும்.

5. சிப்பாய் டி3. இ4-க்குக் காவல்.

6. கோட்டை கட்டுதல். பிள்ளைகள் 'காஸ்லிங்' என்பார்கள். ராஜா ஜி1-க்கும் யானை எஃப்1-க்கும் போய்விடும்.

7. சிப்பாய் எச்3. எதிராளியின் குதிரையும் மந்திரியும் ஜி4-ல் வந்து உட்காராது.

8. யானை இ1. பிறகு மீதிக் குதிரையை டி2-க்கு எடுங்கள். எல்லாம் தயாரான பின் நேரம் பார்த்து டி4.

மூன்றாவதில் எதிராளி மந்திரிக்குப் பதில் குதிரையை எஃப்6-ல் வைத்தால் பயம் வேண்டாம். உடனே டி3 வைத்து, மற்றதைப் பிறகு வையுங்கள். வரிசை மாறினாலும் வீடு அதே வீடுதான்.

எதிராளி இ5 வைக்காவிட்டால்?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறோம்.

• சி5 வைத்தால்: நாம் சிப்பாய் சி3, அடுத்து டி4. நடுவில் குதிரை எஃப்6 வந்து தாக்கினால், சிப்பாயை இ5-க்குத் தள்ளிக் குதிரையை விரட்டுங்கள்.

• இ6 அல்லது சி6 வைத்தால்: இரண்டுக்கும் டி4. எதிராளி டி5 வைத்ததும் சிப்பாய் இ5. அப்புறம் குதிரை எஃப்3. டி4-க்குத் தாக்குதல் வந்தால் சி3.

• டி5 வைத்தால்: சிப்பாயால் வெட்டுங்கள். ராணி வந்து திருப்பி வெட்டினால், குதிரை சி3. ராணி ஓட வேண்டும், நமக்கு ஒரு நகர்த்தல் லாபம்.

கவனித்தீர்களா? பெரும்பாலும் இ4, டி4, அதற்கு முட்டாக சி3. ஒரே எண்ணம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அதனால்தான் இந்தக் கையிருப்பு நமக்குச் சுலபம்.

நாலே நகர்த்தலில் ஜெயிக்கலாமா?

ராணியை எச்5-க்கும் மந்திரியை சி4-க்கும் கொண்டுவந்து, நாலாவது நகர்த்தலில் எஃப்7-ஐ வெட்டி மேட் வைப்பது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிடித்த வித்தை. தெரியாதவரிடம் பலிக்கும். தெரிந்தவர் குதிரையை சி6-ல் வைத்துவிட்டு, ஜி6 என்று ஒரு சிப்பாயைத் தள்ளுவார். ராணி பின்வாங்கும். அவர் குதிரை எஃப்6-க்கு வரும். நம் ராணி அலைந்த நேரத்தில் அவர் காய்கள் வெளியே வந்துவிடும். சீக்கிரம் கிடைக்கும் லாபத்தை நம்பி அடிப்படையை விட வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

வீட்டுப்பாடம்

முதல் வாரம் எட்டு நகர்த்தலையும் தனியாகப் பலகையில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் "இது எதற்கு?" என்று வாய்விட்டுக் காரணம் சொல்லுங்கள். இரண்டாம் வாரம் பிள்ளையோடு ஆடுங்கள். மூன்றாம் வாரம் சி5, இ6, சி6, டி5 பதில்களைப் பழகுங்கள். ஒவ்வொரு முறையும் காயைத் தொடுமுன், எதிராளி கடைசியாக வைத்த காய் எதைத் தாக்குகிறது என்று பாருங்கள். பாடம் தெரிந்தும் பலர் தோற்பது அதைப் பார்க்காததால்தான்.

தோற்றால் நகர்த்தல்களை நோட்டில் எழுதி வையுங்கள். கணக்கு எழுதப் பழகிய கை நம் கை, இதுவும் வரும். அடுத்த குழுக் கூட்டத்துக்குப் பலகையையும் எடுத்து வாருங்கள். தீர்மானம் எழுதி முடித்த பின் இருவர் இருவராக உட்கார்ந்து ஆடிப் பார்ப்போம். ராஜாவைக் காப்பாற்ற ராணிக்குத் தெரியும், சகோதரிகளே!