மலைவழி காட்டப் புறப்பட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வருகிற தை மாதத்தில் ஹோர்ட்டன் சமவெளியில் இரண்டு இரவு கூடாரம் அடித்துத் தங்கப்போவதாகவும், உன்னை நம்பிக் கொழும்பு வாலிபர்கள் ஆறு பேர் வருவதாகவும், அதற்கு என்னென்ன சாமான்கள் அவசியம் என்றும் கேட்டு எழுதியிருந்தாய். சாமான்களைப் பற்றிக் கடைக்காரர் என்னைவிட விஸ்தாரமாகச் சொல்லுவார். அவர் சொல்ல முடியாத ஒன்று உண்டு. அந்த நிலத்தின் சுபாவம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சமவெளி என்ற பெயரே ஒரு மயக்கம். 1831 முதல் 1837 வரை இலங்கையில் தேசாதிபதியாக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயரைத் தாங்கி, கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில், நம் மலையகத்தார் பத்தனை என்று சொல்லும் புல்வெளியாக, மாடு மேயும் தரவையைப் போல் சாதுவாக விரிந்து கிடக்கும் அந்தப் பூமியைப் பார்த்தவுடன், இது மலையின் உச்சிப் பிரதேசம் என்ற நினைவே மனிதனுக்கு அற்றுப் போகிறது. போதாக்குறைக்கு, வந்தவர்களில் அநேகர் மோட்டாரிலேயே மேலே வந்து இறங்கிவிடுகிறார்கள். கால் ஏறாத உயரத்தை உடம்பு எப்படி அறியும்? பகலின் இளவெயிலில் மேற்சட்டையைக் கழற்றி எறிந்த அதே ஆள், பொழுது சாய்ந்த ஒரு மணி நேரத்தில் பற்கள் கிட்டி நிற்பதை நீயே பார்ப்பாய்.

அங்கே புல் எங்கே நிற்கிறது, காடு எங்கே நிற்கிறது என்று நிதானமாகப் பார். பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் பத்தனை. மேடுகளிலும் சரிவுகளிலும் பாசி படர்ந்த குட்டை மரங்கள். இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது: மேகமற்ற இரவில் குளிர்ந்து கனத்த காற்று, தண்ணீரைப் போலவே தாழ்வை நாடி வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது; தேங்கிய இடத்தில் உறைபனி விழுந்து மரக்கன்றுகளைக் கருக்கிவிடுகிறது; புல்லோ வேரில் உயிரை வைத்துக்கொண்டு பிழைத்துக்கொள்கிறது. இந்தச் சாஸ்திரமெல்லாம் தெரியாத வயதில், வாலிப கர்வத்தோடு, ஓடைக்குப் பக்கத்தில் மெத்தை போலிருந்த புல்லின்மேல் நான் ஒரு தை இரவில் கூடாரம் அடித்தேன். நள்ளிரவுக்குமேல் குளிர் மேலிருந்து வரவில்லை, தம்பி. தரையிலிருந்து முதுகெலும்புக்குள் ஏறிற்று. விடியலில் கித்தானின் உட்புறம், நாங்கள் விட்ட மூச்சே பனியாகி உறைந்து, தொட்டால் உதிர்ந்தது. சற்று மேலே, காட்டோரத்தில் படுத்திருந்த ஒரு கிழவர் சுகமாகத் தூங்கி எழுந்து, தேநீர் வேண்டுமா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த இரக்கம் இன்னும் என்னைச் சுடுகிறது.

இப்போது வனசீவராசிகள் திணைக்களம் குறித்துக் கொடுத்த இடங்களில் மட்டுமே தங்கலாம் என்பது உண்மையே. ஆனால் குறித்த இடத்துக்குள்ளும் மேடுண்டு, பள்ளமுண்டு. நாலடி உயரம் அற்பமன்று. மேலே போர்த்துவதற்கு வாங்கும் கம்பளியில் ஒன்றைக் குறைத்தாலும், கீழே விரிக்கும் பாயில் சிக்கனம் செய்யாதே.

நெருப்பைப் பற்றி நீ கேட்கவில்லை. உன்னோடு வருகிறவர்கள் கேட்பார்கள். காய்ந்த பத்தனை பற்றினால் நிற்காது என்று சொல்லி மறுத்துவிடு. மரை மான்கள் பழக்கப்பட்ட பிச்சைக்காரரைப்போல் அருகில் வந்து நிற்கும். அவற்றுக்கு ரொட்டி கொடுக்கும் தர்மசிந்தையையும் தடுத்துவிடு. பொலித்தீனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வாதாடாதே, அது அந்த மிருகங்களின் வயிற்றுக்காகத்தான்.

உலக முடிவு என்னும் குத்துப்பாறை விளிம்புக்கு விடியுமுன் புறப்படு. பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சேர்த்துச் சுற்றிவர ஒன்பது கிலோமீட்டர்தான். ஆயினும் ஏறக்குறைய 870 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் அந்தக் குத்துப்பாறையின் அடியில், வெயில் ஏற ஏறத் தாழ்நிலத்தின் ஈரக்காற்று சூடாகி மேலெழுந்து, காலை ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மூடுபனியாகி விளிம்பையே அழித்துவிடுகிறது. பிந்திப் போய்ச் சேர்ந்து, வெள்ளைத் திரையைத் தவிர ஒன்றும் காணாமல் நிற்கும்போது, காசு கொடுத்து வந்தவர்களின் முகம் வாடும். திரை விலகுமா என்று இன்னும் ஓரடி முன்னே வைக்க அவர்களுக்கு ஆசை பிறக்கும். உன் தொழில் அந்த ஓரடியில் இருக்கிறது. வழிகாட்டி என்ற பட்டத்துக்காக வருந்தாமல், எல்லோரையும் பின்னுக்கு அழைத்து உட்கார வைத்து, கையிலிருக்கும் பிஸ்கட்டைப் பகிர்ந்து கொடு.

முதல் நாள் விடியற்காலை, உன் ஆட்கள் எழுமுன், வெயில் படுவதற்கும் முன்னே, நீ மட்டும் பள்ளத்துக்கு இறங்கிப் பார். புல்லின்மேல் படிந்த வெண்மை மேட்டில் எவ்வளவு தூரம் ஏறி, எந்த மரத்தடியில் நின்றுவிட்டது என்று கவனித்து எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் வாத்தியார்