பெங்களூரு போகலாமா? அக்கா சொல்ற கணக்கு

"கோயம்புத்தூரை விட்டு பெங்களூரு போகலாமாக்கா? அவருக்கு மாசம் 30,000 கூடக் கிடைக்குது"ன்னு கேக்குற தங்கச்சிகிட்ட நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான். எத்தனை வருஷத்துக்கு? ரெண்டு வருஷம்னா ஒரு கணக்கு, பத்து வருஷம்னா வேற கணக்கு. அதைப் பேசி முடிக்காம வீடு தேட ஆரம்பிக்காதே.

முதல்ல அந்த 30,000-ஐ எடுத்துக்கோ. நீயும் வேலைக்குப் போறவன்னா, உன் சம்பளம் 25,000 நின்னுபோனா, மிச்சம் வெறும் 5,000. அதுலயும் குழந்தையை இங்க அம்மாவோ மாமியாரோ காசு வாங்காம பாத்துக்கிறாங்க. அங்க டே கேருக்கு மாசாமாசம் எடுத்து வைக்கணும். "அங்க போய் நான் வேலை தேடிக்கிறேன்"னு சொல்லாதே. இங்க இருக்கும்போதே தேடு, இல்லன்னா இப்போ இருக்கிற கம்பெனியிலயே டிரான்ஸ்ஃபர், வீட்டுல இருந்து வேலை எதுக்காவது வாய் திறந்து கேளு. வீட்டுக்காரர் முன்னேற்றம்னு சொல்லி நம்ம வேலையைத்தான் முதல்ல கை கழுவச் சொல்லுவாங்க.

அடுத்தது பிள்ளைங்க படிப்பு. நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். பிள்ளை எல்.கே.ஜி.ன்னா கவலையே இல்லை, தெருவுல விளையாடியே கன்னடம் பிடிச்சுக்கும். ஆறாவது, ஏழாவதுன்னா நின்னு யோசி. கர்நாடகாவுல 2015-ல வந்த சட்டப்படி கன்னடம் ஒரு மொழிப்பாடமா இருக்கணும். பாதியில வர்ற பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பீங்க, மார்க் எப்படின்னு அட்மிஷனுக்கு முன்னாடியே கேட்டுடு.

இதைவிடப் பெருசு காலேஜ் சீட்டு. தமிழ்நாட்டுல இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு 8-லேருந்து 12 வரைக்கும், மெடிக்கலுக்கு 6-லேருந்து 12 வரைக்கும் இங்கயே படிச்சிருந்தா நேட்டிவிட்டி சர்டிபிகேட் இல்லாமலே நம்ம ஊர் பிள்ளைதான். வெளிய படிச்சா வாய்ப்பு போயிடாது. ஆனா சர்டிபிகேட், அப்பா அம்மா படிச்ச ஆதாரம்னு அலையணும். அரசுப் பள்ளிப் பிள்ளைன்னா 7.5 சதவீத ஒதுக்கீடு கையை விட்டுப் போகும். கர்நாடகா நுழைவுத் தேர்வான சி.இ.டி.யில பொதுவா அந்த மாநிலத்துல 7 வருஷமாவது படிச்சிருக்கணும். ஏழாவதுல கொண்டுபோய்ச் சேர்த்தா பன்னிரண்டு முடியுறப்போ ஆறு வருஷம்தான் ஆகியிருக்கும்! அதோட, நம்ம ஜாதிச் சான்றிதழ் அங்க மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது, பொதுப் பிரிவுலதான் போட்டி போடணும். அதனால போறதுன்னா ஆறாவதுக்குள்ள போ, இல்ல பன்னிரண்டு முடிச்சுட்டு யோசி. நடுவுல வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.

வீட்டு அட்வான்ஸ் அங்க அஞ்சாறு மாச வாடகை சாதாரணமாக் கேப்பாங்க. காலி பண்ணும்போது பெயின்டிங்குக்குன்னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கிறதும் வழக்கம், அதை அக்ரிமென்ட்டுலயே பாத்துக்கோ. காவிரித் தண்ணி வருதா, போர்வெல்லா, டேங்கரான்னு புரோக்கர்கிட்ட கேக்காதே, பக்கத்து வீட்டு அம்மாகிட்ட கேளு. 2024 கோடையில டேங்கருக்கு அல்லாடினவங்க உண்மையைச் சொல்லுவாங்க. ஆபீஸ் தூரத்தை ஞாயித்துக்கிழமை போய்ப் பாக்காதே. வேலை நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு சில்க் போர்டு சிக்னல் பக்கம் ஒரு தடவை போய்ட்டு வந்து சொல்லு.

ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டியில இருந்தா ஓசூரையும் ஒரு கண்ணு பாரு. அது நம்ம மாநிலம். பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு, வண்டி நம்பர் எதையும் மாத்த வேண்டாம். தினமும் அத்திப்பள்ளி தாண்டுற நெரிசல்தான் அதுக்குக் கொடுக்கிற விலை. ஆபீஸ் ஒயிட்ஃபீல்டுன்னா இந்த யோசனையை மறந்துடு.

வண்டி விஷயம்: வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா அங்க மறுபதிவு பண்ணணும். இங்க ஆர்.டி.ஓ.வுல என்.ஓ.சி., லோன் இருந்தா பேங்க்லயும் ஒண்ணு, அங்க திரும்ப ரோடு டாக்ஸ். இங்க கட்டின டாக்ஸுல மீதியைத் திரும்பக் கேக்கலாம், பொறுமை வேணும். காருக்கு வயசாயிடுச்சுன்னா இங்கயே வித்துடுறது நல்லது. ஸ்கூட்டர் ரயில்லயே போயிடும்.

சலுகைகளும் கூட வராது. 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தமிழ்நாட்டு ரேஷன் கார்டை ஒட்டினது. அங்க சாதாரண அரசு பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாதுதான், ஆனா கர்நாடகா முகவரி உள்ள அடையாள அட்டை காட்டணும். பொங்கலுக்கு நாலு நாள் லீவு எதிர்பாக்காதே, சங்கராந்திக்கு ஒரு நாள்தான். தீபாவளி ரயில் டிக்கெட்டுக்கு 60 நாள் முன்னாடி காலையில எட்டு மணிக்கு போனோட உக்காரு.

பயமுறுத்துறேன்னு நினைக்காதே. வேலை மாத்திக்க அங்க இருக்கிற அளவு கம்பெனிங்க இங்க இல்லை. கன்னடத்துல நாலு வார்த்தை பேசினா காய்கறிக்காரம்மாவே பாதி ஊரைச் சொல்லிக் கொடுத்துடுவாங்க. தமிழ் பேசுறவங்களுக்கும் பஞ்சமில்லை, அல்சூர்ல தமிழ்ச் சங்கமே இருக்கு. பிள்ளைக்கு தமிழ் எழுதப் படிக்கக் கத்துக் கொடுக்கிறது மட்டும் உன் பொறுப்பாயிடும்.

கடைசியா, ஆஃபர் லெட்டர்ல ரீலொகேஷன் செலவுன்னு தனியா ஏதாவது எழுதியிருக்கான்னு அவரைப் பாக்கச் சொல்லு. இல்லன்னா எச்.ஆர்.கிட்ட கேக்கச் சொல்லு, லாரி வாடகையும் முதல் பதினஞ்சு நாள் தங்குற செலவுமாவது கேக்கலாம். கொடுத்தா, வருஷத்துக்குள்ள வேலையை விட்டா திருப்பிக் கட்டணும்னு கீழ சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. அதைப் படிச்சுட்டு அப்புறமா கையெழுத்துப் போடச் சொல்லு.