மவுஸா, கேம்பேடா: எஃப்.பி.எஸ். ஆடுபவர் எதை வாங்கலாம்?

ஆடுபவரின் கண் வழியாகவே களத்தைக் காட்டும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளுக்கு எஃப்.பி.எஸ். என்று பெயர். இவற்றில் கைக்கு இரண்டு வேலைகள்: நடப்பது, குறிபார்ப்பது. கம்ப்யூட்டரில் இடக்கை டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளால் நடக்கும். வலக்கை மவுஸால் குறிபார்க்கும். கேம்பேடில் இரு வேலையும் இரு கட்டைவிரல்களுக்கு. இடது ஸ்டிக் நடைக்கு, வலது ஸ்டிக் பார்வையைத் திருப்ப. சென்னைக்கு அருகே ஊரப்பாக்கம், பொத்தேரி, வண்டலூர் பக்கம் கல்லூரிக்கும் வேலைக்கும் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும். எது என்பதைக் கைத்திறமையைவிட, ஆடப்போகும் விளையாட்டும் உட்காரும் இடமுமே பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

அடிப்படை வேறுபாடு ஒன்றுதான். மவுஸ் தூரத்தைச் சொல்கிறது. ஸ்டிக் வேகத்தைச் சொல்கிறது. எதிரி ஒருவன் திரையின் வலது ஓரத்தில் வாசலைக் கடக்கிறான் என்று கொள்வோம். மவுஸ் பிடித்த கை ஐந்து செ.மீ. வலப்பக்கம் போய் நிற்கிறது. குறியும் அதற்கு உரிய கோணம் திரும்பி நின்றுவிடுகிறது. கை நின்றால் குறியும் நிற்கும். ஸ்டிக்கில் அப்படியில்லை. கட்டைவிரல் ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்த்ததும் பார்வை சுழலத் தொடங்குகிறது, சாய்த்திருக்கும் வரை சுழன்றுகொண்டே இருக்கிறது. பைக்கின் ஆக்சிலரேட்டரைப் போல, எவ்வளவு முறுக்குவது என்பதோடு எப்போது விடுவது என்பதையும் விரல் கணக்கிட வேண்டும். விடுவது ஒரு நொடிப்பொழுது தாமதமானால் குறி எதிரியைத் தாண்டிவிடும்; திரும்பக் கொண்டுவர இடப்பக்கம் இன்னொரு சாய்ப்பு தேவைப்படும். மவுஸுக்கு மேசையில் முப்பது, நாற்பது செ.மீ. இடம் கிடைக்கிறது. ஸ்டிக் நகரும் தூரமோ ஏறத்தாழ ஒரு செ.மீ.தான். மெல்லத் திரும்புவது, சட்டென்று பின்னால் திரும்புவது எல்லாம் அந்த ஒரு செ.மீ.க்குள் அடங்க வேண்டும். நுணுக்கமான குறியில் மவுஸ் முந்துவதற்குக் காரணம் இதுவே. கட்டைவிரலின் திறமைக் குறைவு அன்று.

இரண்டுக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1996-இல் வந்த குவேக், மவுஸால் எல்லாத் திசையிலும் பார்க்கும் பழக்கத்தைப் பரப்பியது. அடுத்த ஆண்டு நடந்த குவேக் போட்டியில் வென்று, அதை உருவாக்கிய ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரையே பரிசாகப் பெற்ற டென்னிஸ் ஃபாங், கீபோர்டும் மவுஸும் சேர்ந்த இன்றைய பிடி பரவ முக்கியக் காரணமானவர். டி.வி.யில் இணைத்து ஆடும் கன்சோல் பக்கம் கோல்டன்ஐ 007 (1997) வழி திறந்தது. இரண்டு ஸ்டிக்கால் எஃப்.பி.எஸ்.ஸை வசதியாக ஆட முடியும் என்று பெருங்கூட்டத்துக்குக் காட்டியது 2001 நவம்பரில் எக்ஸ்பாக்ஸோடு வந்த ஹேலோ. அதன் வெற்றிக்கு, திரைக்குப் பின்னால் குறிபார்க்க உதவிய ஏய்ம் அசிஸ்ட்டும் ஒரு காரணம்.

ஏய்ம் அசிஸ்ட்டைப் புரிந்துகொள்ளாமல் இந்த ஒப்பீட்டைச் செய்யவே முடியாது. குறி எதிரியின் மேல் படும்போது சுழலும் வேகத்தைத் தானாகக் குறைப்பது இதன் எளிய வடிவம். விரல் சற்றுப் பிசகினாலும் குறி தாண்டிப் போகாது. எதிரி நகரும்போது பார்வையும் அவனோடு தானாகச் சற்றுத் திரும்புவது இன்னொரு வடிவம். சர்ச்சையெல்லாம் இதைப் பற்றித்தான். கண்ணால் பார்த்து மூளை முடிவெடுத்துக் கை அசைய மனிதருக்கு ஏறத்தாழ 200 மில்லிநொடி ஆகும். மென்பொருளுக்கு அந்தத் தாமதம் கிடையாது. மிக அருகில், இடமும் வலமும் தாவும் எதிரியைத் தொடர்ந்து சுடும் சண்டையில் கேம்பேட் பிடித்தவர் மவுஸ்காரரை வெல்வது இதனால்தான். தூரத்தில் தலையைக் குறிவைக்கும் ஒற்றைச் சூட்டில் மவுஸ் மறுபடி முந்துகிறது. ஆகவே, "எது நல்லது" என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. ஆடப்போகும் விளையாட்டில் இந்த உதவி உண்டா, எவ்வளவு உண்டு என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, வேலரண்ட் ஆடுபவருக்கு யோசிக்க எதுவும் இல்லை, மவுஸ்தான். கம்ப்யூட்டரில் வேலரண்ட் கேம்பேடை ஏற்பதே இல்லை. 2024-இல் வந்த அதன் கன்சோல் பதிப்பு தனி உலகம். கம்ப்யூட்டர் ஆட்டக்காரர்களும் கன்சோல்காரர்களும் ஒரே ஆட்டத்தில் சந்திப்பதில்லை. கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் முதல் குண்டு எங்கே படுகிறது என்பதே பெரும்பாலும் சண்டையை முடிக்கிறது, உதவிக்கு மென்பொருள் வராது. கால் ஆஃப் டியூட்டி: வார்ஸோன், ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் இரண்டும் இதற்கு நேர்மாறு. மவுஸ்காரரும் கேம்பேட்காரரும் ஒரே களத்தில் மோதும் இந்த விளையாட்டுகளில் ஏய்ம் அசிஸ்ட் வலுவானது. உயர்மட்டப் போட்டியாளர்களிலேயே பலர் கேம்பேட் பிடிக்கிறார்கள். மவுஸ்காரர்களின் நீண்ட புகாருக்குப் பின் 2024-இல் ஏபெக்ஸ், கம்ப்யூட்டர் ஆட்டங்களில் இந்த உதவியின் பலத்தைக் குறைத்தது. அப்போதும் கேம்பேட் களத்தை விட்டுப் போய்விடவில்லை. தனியாகக் கதையை ஆடி முடிக்க விரும்புபவருக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. கைக்கு எது சுகமோ அதுவே போதும்.

நடையில் கேம்பேடுக்கு இயல்பாகவே ஓர் அனுகூலம் உண்டு. விசைகள் எட்டுத் திசைகளை மட்டுமே தரும். ஸ்டிக் எல்லாத் திசையும் தரும், மெல்ல நடக்கவும் விரைந்து ஓடவும் சாய்வு ஒன்றே போதும். வண்டி ஓட்டும் கட்டங்களில் இது நன்றாகத் தெரியும். ஆனால் கவுண்டர்-ஸ்ட்ரைக் போன்றவற்றில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும். எதிர்த்திசை விசையைத் தட்டிச் சட்டென்று நின்று சுட வேண்டும். அந்த ஒரு தட்டுக்கு விசையே பொருத்தம்.

அடுத்தது இடம். தேர்ந்த மவுஸ் ஆட்டக்காரர்கள் பலர், கை அசைவுக்குக் குறி எவ்வளவு திரும்பும் என்பதைத் தீர்மானிக்கும் சென்சிட்டிவிட்டியைக் குறைத்து வைத்து, ஒரு முழுச் சுற்றுக்கு 30 முதல் 50 செ.மீ. வரை கையை நகர்த்துகிறார்கள். முழு கீபோர்டின் நீளம் ஏறத்தாழ 44 செ.மீ., பக்கத்தில் 40 செ.மீ. மவுஸ்பேட். ஏறத்தாழ 90 செ.மீ. அகல மேசையும், முழங்கை தாங்கும் உயரத்தில் நாற்காலியும் இல்லாவிட்டால் மவுஸின் பலன் பாதிகூடக் கிடைக்காது. மூன்று பேர் பகிரும் அறையில், கட்டில் ஓரத்தில் லேப்டாப்பை மடியில் வைத்து ஆடுபவருக்கு இது எட்டாத வசதி. எண் விசைகள் இல்லாத சிறு கீபோர்டு எட்டு செ.மீ. மிச்சப்படுத்தும். அதற்கும் வழியில்லை என்றால் கேம்பேடே நல்லது. பாயில் உட்கார்ந்தும் சுவரில் சாய்ந்தும் அதை ஆடலாம்.

சென்னையின் புழுக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் துணி மவுஸ்பேடின் மேல் முன்கை வியர்த்து ஒட்டிக்கொள்ளும். மெல்லத் திருப்ப நினைத்த கை முதலில் அசையாமல் பிறகு ஒரேயடியாக வழுக்கும். மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை மூடும் மெல்லிய துணி உறையும், மேசைப் பக்கம் திருப்பிய டேபிள் ஃபேனும் இதற்கு நல்ல பலன் தரும். கேம்பேடில் உள்ளங்கை வியர்த்தாலும் கட்டைவிரலின் வேலை அவ்வளவாகக் கெடுவதில்லை.

தாமதத்தைப் பற்றி விளம்பரங்கள் கிளப்பும் பயம் அளவுக்கு மீறியது. நொடிக்கு 125 முறை தகவல் அனுப்பும் சாதாரண மவுஸின் இடைவெளி 8 மில்லிநொடி, 1000 முறை அனுப்புவதன் இடைவெளி 1 மில்லிநொடி. அதற்கு மேல் பணம் கொட்டினால் கிடைப்பது சொற்பமே. கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் சர்வர்கள் சென்னையிலும் மும்பையிலும் இருந்தும், நான்கைந்து பேர் பகிரும் வைஃபை பல பத்து மில்லிநொடிகளைத் தின்றுவிடும். அந்த நிலையில் மவுஸை மாற்றுவதைவிட மோடத்தில் இருந்து ஒரு கேபிள் இழுப்பதுதான் பயன் தரும். டி.வி.யில் கேம்பேட் பிடித்து ஆடுபவர் தாமதத்தைக் குறைக்கும் டி.வி.யின் கேம் மோடைப் போட்டுவிட வேண்டும். அதைப் போடாமல் கன்ட்ரோலரைக் குறை சொல்வது பரவலாக நடப்பது.

செல்போனில் பி.ஜி.எம்.ஐ., கால் ஆஃப் டியூட்டி மொபைல் ஆடிப் பழகி கம்ப்யூட்டருக்கு வருபவர்களுக்குக் கட்டைவிரல் ஏற்கெனவே பழகியிருக்கும். கேம்பேட் சில நாட்களில் கைக்கு வந்துவிடும். மவுஸ் பழக வாரங்கள் ஆகும், தொடக்கத்தில் தோல்வியும் அதிகம். நோக்கம் வேலரண்ட் என்றால் அந்த வாரங்களைப் பொறுத்துக்கொள்வதே சரி. சென்சிட்டிவிட்டியை ஒருமுறை அமைத்தபின் தினமும் மாற்றாமல் இருந்தால் கை விரைவில் பழகும்.

இடையில் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பிளேஸ்டேஷனின் டூயல்சென்ஸ், நின்டெண்டோ ஸ்விட்சின் கன்ட்ரோலர்கள் போன்றவற்றுள் சாய்வை உணரும் கைரோ இருக்கிறது. பெரிய திருப்பத்துக்கு ஸ்டிக், கடைசிச் சிறு திருத்தத்துக்குக் கேம்பேடையே மெல்லச் சாய்ப்பது என்று ஆடலாம். அந்தச் சாய்ப்பு மவுஸைப் போலவே தூரத்தைச் சொல்வது என்பதால் துல்லியம் கூடுகிறது. மேசை இல்லாதவருக்கு இது உண்மையிலேயே நல்ல தேர்வு. இதை ஏற்கும் எஃப்.பி.எஸ்.கள் குறைவு என்பதுதான் தடை. மவுஸைக் கேம்பேட் என்று நம்பவைத்து ஏய்ம் அசிஸ்ட்டையும் சேர்த்துப் பெறும் அடாப்டர்கள் வேறு வகை. அது ஏமாற்று. ரெயின்போ சிக்ஸ் சீஜ் 2023-இல் இவற்றைக் கண்டுபிடிக்கும் முறையைக் கொண்டுவந்தது; கால் ஆஃப் டியூட்டியும் தண்டிக்கிறது.

வாங்குபவர் ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு தூரமில்லை. இணையத்தில் வாங்குவதைவிட அங்கே கையில் பிடித்துப் பார்த்து வாங்குவது மேல், ஏனென்றால் மவுஸின் விலையைவிட அது உள்ளங்கையில் அமரும் விதம் முக்கியம். ₹1,000 முதல் ₹2,000 வரையிலான கேபிள் மவுஸே பெரும்பாலோருக்குத் தாராளம். கேம்பேடில் பார்க்க வேண்டியது ஸ்டிக்கின் உள்ளமைப்பு. வழக்கமான ஸ்டிக்குகளில் தேயும் பாகம் உண்டு. தேய்ந்தால் விரல் வைக்காமலே பார்வை தானாக நகரும் டிரிஃப்ட் வரும். காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் அந்தத் தேய்மானம் இல்லை, விலையும் இப்போது எட்டக்கூடியதே. பழைய கேம்பேட் என்றால் கடையிலேயே லேப்டாப்பில் செருகி, விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் அமைப்பைத் திறந்து பார்க்க வேண்டும். ஸ்டிக்கைச் சுற்றிவிட்டு விட்டதும் புள்ளி நடுவில் வந்து அசையாமல் நின்றால் எடுத்துக்கொள்ளலாம்.