பிற்ஸ்பேர்க்: உருக்கு நகரின் பொருளாதார மாற்றம்

ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலெகெனி, மொனொங்ககேலா ஆகிய ஆறுகள் சேர்ந்து ஒகையோ ஆறாக மாறும் இடத்தில் பிற்ஸ்பேர்க் நகரம் அமைந்துள்ளது. 1950 இல் 676,806 ஆக இருந்த இதன் சனத்தொகை 2020 இல் 302,971 ஆகக் குறைந்தது. ஆயினும் நகரம் அழிந்துவிடவில்லை. அதற்கான காரணங்களை விளங்கிக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. வளர்ச்சிக்கான காரணிகள்

அ) மூலப்பொருள்: அப்பலாச்சியன் பகுதியின் தரமான நிலக்கரி அருகிலேயே கிடைத்தமை.
ஆ) போக்குவரத்து: சுப்பீரியர் ஏரிப் பகுதியின் இரும்புத்தாது பேரேரிகள் வழியாகக் கப்பலிலும், பின்னர் புகையிரதத்திலும் கொண்டுவரப்பட்டமை.
இ) மூலதனம்: அன்றூ கார்னெகியின் எட்கர் தொம்சன் ஆலை 1875 இல் அயல் நகரான பிரடொக்கில் உற்பத்தியைத் தொடங்கியது. 1901 இல் அவரது கம்பனி யு.எஸ். ஸ்ரீல் கம்பனியுடன் இணைக்கப்பட்டது.
ஈ) தொழிலாளர்: தென், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பெருந்தொகையானோர் குடிபெயர்ந்தமை.

2. வீழ்ச்சிக்கான காரணங்கள்

நிலக்கரி தீர்ந்துவிட்டதால் ஆலைகள் மூடப்பட்டன எனச் சில மாணவர்கள் எழுதுகின்றனர். இது தவறாகும். நிலக்கரி இருந்தது; ஆனால் அதன் அருகே ஆலை இருப்பதனால் கிடைத்த இலாபம் குறைந்தது. யப்பான் முதலிய நாடுகளின் உருக்கு இறக்குமதியானது. பழைய ஆலைகள் போதியளவு நவீனமயமாக்கப்படவில்லை. கழிவிரும்பை மின்னுலையில் உருக்கும் சிறிய ஆலைகள் வேறிடங்களில் தோன்றின. 1980களின் தொடக்கத்தில் ஏற்பட்ட பொருளாதார மந்தம் நிலைமையை மேலும் மோசமாக்கியது. புகழ்பெற்ற ஹோம்ஸ்ரெட் ஆலை 1986 இல் மூடப்பட்டது.

3. புதிய பொருளாதாரம்

உருக்குச் செல்வம் விட்டுச்சென்ற நிறுவனங்கள் நகருக்குக் கைகொடுத்தன. கார்னெகி 1900 இல் நிறுவிய தொழினுட்பக் கல்லூரியே இன்றைய கார்னெகி மெலன் பல்கலைக்கழகம். அங்கு 1979 இல் ரோபோ ஆய்வு நிறுவகம் அமைக்கப்பட்டது. பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் ஜோனாஸ் சால்க் உருவாக்கிய போலியோ தடுப்பூசி 1955 இல் அங்கீகாரம் பெற்றது. இன்று மருத்துவம், கல்வி, கணினித் தொழினுட்பம் என்பன முதன்மை பெறுகின்றன. உருக்குக் கம்பனிக்காகக் கட்டப்பட்ட 64 மாடிக் கட்டடத்தின் உச்சியில் இப்போது ஒரு மருத்துவ நிறுவனத்தின் பெயர் காணப்படுகின்றது.

4. மாற்றத்தின் மறுபக்கம்

உலைத் தொழிலாளி ஒருவர் திடீரென ரோபோ பொறியியலாளராக முடியாது. வேலையிழந்த பலர் குடும்பத்துடன் வேறு மாநிலங்களுக்குச் சென்றனர். பிரடொக்கில் ஆலை தொடர்ந்து இயங்கியபோதும் மக்கள் குறைந்தனர். அங்கிருந்த வைத்தியசாலையும் 2010 இல் மூடப்பட்டது. நகரம் மீண்டது என்பதும் நகரத்தார் அனைவரும் மீண்டனர் என்பதும் ஒன்றல்ல.

மாதிரி வினா: "கைத்தொழில் அமைவிடக் காரணிகள் நிலையானவையல்ல." பிற்ஸ்பேர்க்கை உதாரணமாகக் கொண்டு விளக்குக.

விடைக்குறிப்பு: காரணிகளைப் பட்டியலிடுவதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு காரணியும் எப்போது நன்மையளித்தது, ஏன் வலுவிழந்தது, அதனால் யார் பாதிக்கப்பட்டனர் என்ற ஒழுங்கில் எழுதுங்கள்.